ஜாலி, டைட், ஃபுல்

நேற்று எதிர்வீட்டுக் கதவுக்குத் தச்சர் வார்னிஷ் அடித்தார். அந்த வாடை தாங்காமல் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அப்பாவுக்கு மிஷின் வேலை. அது மதுவிலக்குக் காலம். லேபிள் மெருகுக்கு வாங்கும் வார்னிஷில் தண்ணீரும் உப்பும் கலந்து, தெளியவைத்துக் குடிக்கிறவர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார். தன் நிலைமையைச் சொல்ல அவரிடம் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன: பாட்டு வந்தால் ஜாலி, நாக்கு குழறினால் டைட், கால் நிற்காவிட்டால் ஃபுல். தெருவுக்குப் புரியாது என்பதால் அம்மாவும் அவற்றையே பிடித்துக்கொண்டாள். தீப்பெட்டி ஒட்டியபடியே, "ஏட்டி, அப்பா எப்படி வாராக?" என்பாள், பத்து வயதுப் பெண்ணான நான் வாசலிலிருந்து ஒரே சொல்லில் பதில் சொல்வேன். ஃபுல் என்றால் பாயை விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம்.

அன்று மத்தியானமே சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். என் தோளைப் பிடித்து, "கண்ணு தெரியல தாயீ, எல்லாம் வெள்ளையா இருக்கு," என்றார். உள்ளேயிருந்து அம்மா வழக்கம்போல் கேட்டாள்.

"ஃபுல்லும்மா," என்றேன்.

பாயில் படுக்கவைத்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முனகியதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா போய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பிறகு வந்த டாக்டர், கண் தெரியவில்லை என்றதுமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே, யார் படுக்கவைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"நாந்தான்யா," என்றாள். "பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்துச்சு."