மேஸ்திரி மிதித்த இடுப்பு

இன்று ஆம்பூரில் ஏறிய வேலூர் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும், ஒரு பெரியவர் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டே வந்தார்.

பார்த்ததும் புரிந்துவிட்டது: டிஸ்க்! நானும் பட்டவன்.

முகத்தைப் பார்த்தால், நான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியின் பழைய மேஸ்திரி!

எண்பதுகளில் ஒருநாள், ஈரத்தோலைத் தூக்கும்போது எனக்கு இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை சுரீர் என்று இழுத்தது. தும்மினால் உயிர் போனது.

"காலால பொறந்தவங்க மிதிச்சா சரியாய்டும்" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். டேனரியில் அப்படித் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர் மேஸ்திரி மட்டும்தான். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, ஆசையாக மிதித்தார்.

அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துது. எவன்யா அதும்மேல ஏறி மிதிச்சது?" என்று டாக்டர் கத்தினார். மேஸ்திரி பேரைச் சொன்னால் வேலை போய்விடுமே!

இன்று பஸ்ஸில் அருகே போய், "இன்னா மேஸ்திரி, டிஸ்க்கா?" என்றேன்.

"ஆமாம்பா. ஜாஸ்தி நேரம் உட்கார முடியல. குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாதாம்."

"காலால பொறந்தவங்க யாரையாச்சும் மிதிக்கச் சொல்றதுதானே?"

மேஸ்திரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதையெல்லாம் இன்னுமா நம்பிக்கினு இருக்க?"

மக்களே, அப்போ நான் வாங்கிய மிதி எந்தக் கணக்கில் வரும்?