மோட்டார் சுருதி

அந்த வீட்டில் துணி துவைப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள் வீட்டிலும் வாளி முன்னால் உட்கார முடியாது என்று கல்யாணமான முதல் வாரமே பேசி முடித்திருந்தார்கள். இருபத்துமூன்று வருஷமாக ஞாயிறும் புதனும் அவர்தான் ஊறவைப்பார், அவர்தான் கசக்கிப் பிழிவார், அவர்தான் பால்கனிக் கம்பியில் உதறிப் போடுவார். உதறும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டிருப்பார்.

ஏழு வாரமாக முனகலைக் காணோம். துவைப்பது மட்டும் கூடியிருந்தது. நாள் கிழமை இல்லாமல் துவைத்தார். அன்று ஜன்னல் திரைகளைக் கழற்றி வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"திரை போன வாரம்தானே துவைச்சீங்க?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"தூசி," என்றார் அவர்.

அதற்கு மேல் அவரிடமிருந்து வார்த்தை வராது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வேலை நேரம் முழுக்க ஏதாவதொரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், தனியாக நிற்கிறவர். சாப்பாட்டுக்கு உப்பு போதுமா என்று கேட்டால் தலையாட்டுவதோடு சரி. அவர் வாய் திறந்து சத்தமாக ஏதாவது சொன்னதெல்லாம் பால் கிடங்குக்குப் பின்னால் இருந்த அந்த அறையில்தான்; அங்கே கத்தவே செய்வார்.

அந்த அறையில்தான் மூன்று பேரும் வாசித்தார்கள். அவர் கிதார் வாசித்துப் பாடுவார். அவள் பேஸ் கிதார். அவளுடைய தம்பி டிரம்ஸ். பகலில் அதே குளிர்கிடங்கில் பால் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். குழுவின் பெயர் 'எட்டுப் பேர்'. லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்கிற பலகைதான் அவர்களுடைய முதல் பாட்டு. அவர் சொந்தமாக ஒரு வரியும் எழுதியதில்லை. கதவில் சாயாதீர், ஈரத்தரை கவனம், அவசரத்துக்கு இந்தப் பொத்தானை அழுத்தவும் என்று ஊரில் மாட்டியிருக்கிற பலகையையெல்லாம் தொண்டை கிழியப் பாடுவார். எங்கே போனாலும் வாசலில் நிற்பவன் மீதி அஞ்சு பேர் எங்கே என்று கேட்பான். படிக்கட்டில் வர்றாங்க என்று தம்பி சொல்லுவான். இருபது வருஷமாக அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

அவளை இதில் இழுத்துவிட்டவரும் அவர்தான். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க வந்தவர், ஈர விரிப்பை முறுக்கும் அவளுடைய விரல்களை இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஆறு கம்பி வேண்டாம், நாலு கம்பிதான், உங்களால் முடியும் என்றாராம். பெண் கேட்டது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். வீட்டில் அவரை 'நீங்க' என்பவள், அறைக்குள் கிதார் மாட்டியதும் 'நீ' என்பாள். 'நீ வேகமாப் போற, இழுத்துப் பிடி' என்பாள். அவரும் கேட்டுக்கொள்வார். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில், இன்னும் அந்தச் சத்தம் போடுறீங்களா அம்மா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

டயர்க்கடைக்கு அடியில் இருந்த நிலவறையில், கடை மூடியிருக்கிற ஞாயிறு மத்தியானங்களில், நாற்பது பேர் வருவார்கள். எப்போதும் ஏறக்குறைய அதே நாற்பது பேர். அங்கே வாசிக்கிற குழுக்கள் வந்துபோகும். 'எட்டுப் பேர்' மட்டும் போகவும் இல்லை, வளரவும் இல்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வட்டமாக நின்றுதான் வாசிப்பார்கள். கிடங்கு அறையில் நடுவே குளிர்சாதன மோட்டார் நின்றதால் அதைச் சுற்றி நின்று பழகிய பழக்கம் அது.

சுருதியும் அந்த மோட்டார் கொடுத்ததுதான். தொடங்கின காலத்தில் சுருதி பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை. மோட்டார் ஓயாமல் 'ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. அதற்கே கம்பிகளை முறுக்கிக்கொண்டார்கள். அது எந்தக் கட்டைக்கும் சேராமல் இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற சுருதி. வேறு ஒருவரும் அவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது. ஒரு தடவை கீபோர்டுக்காரன் ஒருவன் வந்து பத்து நிமிஷத்தில் பல் கூசுகிறது என்று போய்விட்டான். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. நிகழ்ச்சிக்குப் போகுமுன் கிதார்களை மோட்டாரிடம் காட்டி, போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நடந்தே கொண்டுபோவார்கள்.

ஏழு வாரத்துக்கு முன்னால் மோட்டார் நின்றது. கிடங்கு முதலாளி சத்தமே வராத புதிய ஒன்றை மாட்டினார். அன்று பயிற்சிக்கு வந்தவர் அறை நடுவில் கொஞ்ச நேரம் நின்றார், கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். சுருதி போயிருச்சு என்றார். அவ்வளவுதான்.

இப்போது டயர்க்கடையும் கைமாறிவிட்டது, நிலவறையை அடைக்கப்போகிறார்கள். வருகிற ஞாயிறு கடைசி. நீங்கதான் கடைசியா வாசிக்கணும் என்று டயர்க்கடைக்காரர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். சுருதி இல்லாம எப்படி என்று இவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு நிலவறை போவது பற்றிப் பெரிய துக்கம் இல்லை. இந்த ஞாயிறு அவர் கிதாரை எடுக்காவிட்டால் இனி எடுக்கவே மாட்டார் என்பதுதான் அவளுடைய பயம். எடுக்காத மனுஷரோடு, துணி துவைத்துக்கொண்டே இருக்கிற மனுஷரோடு, இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

திரைகள் சொட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய பேஸ் கடைசிப் பயிற்சியிலிருந்து கிடங்கு அறையில் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. தடித்த கம்பி; லேசில் இறங்காது. மோட்டார் போனாலும் அதன் சுருதி அந்தப் பெட்டிக்குள் இருக்கும். தம்பிக்குப் போன் போட்டு, அதைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வா என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தான். பெட்டியைத் திறந்தவன் முகத்தில் கல்யாண வீட்டுக்காரன் களை. கம்பி நான்கும் பளபளவென்று புதிதாக இருந்தன.

"எட்டு வருஷமா மாத்தாத கம்பிக்கா. துரு பிடிச்சுக் கெடந்துச்சு. கடைசி ஷோவாச்சே, ஜம்முனு இருக்கட்டும்னு போன வாரமே மாத்திட்டேன். போன்ல ஆப் வச்சு சுருதிகூட சேத்துட்டேன்."

"பழைய கம்பி எங்கடா?"

"குப்பையில போட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "ஏன்க்கா?"

அவள் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, மூணு பேரும் ஒரே மாதிரி சேர்த்துக்கிட்டா போதும், கேட்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று வாதாடிப் பார்த்தான்.

"அதை உன் மாமாகிட்டப் போய்ச் சொல்லு."

"நான் எதுக்குக்கா சாகணும்?" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் பேஸைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனாள். பஸ்ஸில் இரண்டு பேர் இடம் விட்டார்கள், மூன்று பேர் திட்டினார்கள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், "என்னக்கா, யாரு செத்தாங்க?" என்று பெட்டியைத் தட்டிக் கேட்டாள். பிழிந்து உலர்த்துகிற மூன்றாம் நம்பர் இயந்திரம் சுற்றி ஓய்ந்து நிற்கிற சமயத்தில் ஒரு இரைச்சல் விடும். பழைய மோட்டார் ஞாபகத்துக்கு வருகிற இரைச்சல். வருஷக்கணக்காகக் கேட்டும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் பேஸை எடுத்தாள். அதன் கழுத்து நுனியை இயந்திரத்தின் உடம்பில் அழுத்தி, தாடையைக் கட்டையில் வைத்துக்கொண்டு, கம்பியை மெல்ல முறுக்கினாள். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று இடறிக்கொண்டு பல்லுக்குள் அதிர்ந்தன. முறுக்க முறுக்க இடறல் நீண்டது, தளர்ந்தது, ஓர் இடத்தில் இல்லாமல் போனது. அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். கையை எடுக்கப் பயமாக இருந்தது.

மின்சாரப் பெட்டியைப் பார்க்க அப்போது உள்ளே வந்த எலக்ட்ரீஷியன், ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அவள் சொன்னதும் சிரித்தார். "இது மிஷினோட சத்தம் இல்லம்மா. கரண்ட்டோட சத்தம். இந்தப் பெட்டியில காது வச்சுப் பாருங்க, இதேதான். தெருமுனை டிரான்ஸ்பார்மர்லயும் இதேதான். ஊர் பூரா இதே சத்தம்தான்."

மின்பெட்டியில் காது வைத்தாள். அதேதான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் கீழே நின்று பெட்டியைக் கொஞ்சமாகத் திறந்து கம்பியைச் சுண்டினாள். அதேதான். அவளுக்கு ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பிக்குப் போன் செய்தாள். நாளைக்கே பயிற்சி வைத்துக்கொள்ளலாம், போர்வை எடுத்து வரட்டுமா என்று கேட்டான்.

அவர் வேலையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேஸின் தடித்த கம்பியைச் சுண்டினாள். அவர் கை நாடாவிலேயே நின்றது. சத்தம் முழுதும் அடங்கும்வரை கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

அவள் மடமடவென்று சொல்லத் தொடங்கினாள். மூன்றாம் நம்பர், மின்பெட்டி, டிரான்ஸ்பார்மர், அது மோட்டாருக்கு மட்டும் சொந்தமான சத்தமே இல்லையாம், எங்கெங்கே மோட்டார் ஓடுகிறதோ அங்கெல்லாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். அவர் பக்கத்தில் கட்டிலின்மேல் கருவிப்பை கிடந்தது. கிரீஸ் மணத்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

அவர் இரண்டாவது பூட்ஸைக் கழற்றினார். "மோட்டார் ரூம்ல எட்டு மணி நேரம் அதுகூடத்தானே நிக்கிறேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேருந்தே தெரியும்." கழற்றிய பூட்ஸுக்குள் நாடாவைத் திணித்துக்கொண்டே, "அந்த மோட்டார் நின்னப்போ, அப்பாடான்னு இருந்துச்சு," என்றார்.

அவள் பேஸை மடியில் படுக்கவைத்தாள். அவர் இவ்வளவு பேசியே ஏழு வாரம் ஆகியிருந்தது. விட்டால் நின்றுவிடும் என்று பயந்து அவள் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றார் அவர். "பாடுறப்போ போர்டைப் படிக்கிற மாதிரி இருக்கு."

"போர்டைத்தானே பாடுறோம்."

"முன்னாடி அப்படித் தெரியல."

அவள் யோசித்தாள். இரண்டு வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை, எத்தனை ஞாயிறு மத்தியானம். தம்பி கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பான். அவள் மூடியதில்லை. வட்டத்தில் அவளுக்கு நேர் எதிரே அவர் முகம்தான். கழுத்து நரம்பு புடைக்க, எட்டுப் பேர் எட்டுப் பேர் என்று கத்துகிற முகம். அந்த முகத்துக்காகத்தான் விரலில் தோல் உரிய வாசித்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க வாய் திறக்காதவர் அங்கே தன்னிடம் பேசுகிறார் என்று நினைத்திருந்தாள். ஒரு தடவைகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லையே.

"வரச் சொன்னா ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றார் அவர். "நின்னு பாடிட்டு வர்றேன். அதுல ஒண்ணும் இல்ல."

செய்யக்கூடியவர்தான். வருவார், கத்துவார், நரம்பு புடைக்கும். நாற்பது பேரும் கடைசி முறை என்று கண் கலங்குவார்கள். அவள் எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றாள்.

அவர் தலையாட்டினார். உப்பு போதுமா என்று கேட்டால் ஆட்டுகிற அதே ஆட்டம். பூட்ஸ் இரண்டையும் ஜோடியாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"தம்பி நாளைக்கு வருவான். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நானே சொல்றேன்," என்றாள் அவள். எழுந்து பேஸைப் பெட்டியில் வைத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிக் கொக்கியை மாட்டாமல் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ரெண்டு வருஷமும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே, என்ன நெனச்சுக்கிட்டு நின்னீங்க?"

அவர் நகத்தடியில் இருந்த கிரீஸைப் பெருவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் நின்று பார்த்தாள். பதில் வருகிறவரைக்கும் நிற்கலாம் என்றுதான் நின்றாள். பிறகு கொக்கியை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவிடுக்கில் இடிக்காமல் ஒருக்களித்து வெளியே போனாள்.