இருவருக்கான மாத்திரை

அடிவயிறு வலித்தால் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் பழியைத் தறிக்குழியின் மேல் போட்டுவிடுவார்கள். நாளெல்லாம் ஈரக்குழியில் காலைத் தொங்கவிட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? தறி நெய்யும் இளவரசியும் அப்படித்தான் நம்பினாள். வெள்ளைப்பட்டபோது சூடு என்று சொல்லி வெந்தயம் விழுங்கினாள். குழிக்குள் கோணிப்பையை மடித்துப் போட்டாள்.

அரசு மருத்துவமனையில் அதைப் பால்வினைத் தொற்று என்றார்கள். மாத்திரையில் சரியானது. சில வாரங்களில் திரும்ப வந்தது.

"குழியால வர்றது இல்லம்மா இது," என்றார் அங்கிருந்த ஆலோசகர் சுகாசினி. "உங்க வூட்டுக்காரர் மாத்திரை சாப்ட்டாரா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லியே மேடம்."

"வெளிய தெரியாமலே இருக்கும். நீங்க மட்டும் சாப்டுக்கினு இருந்தா அவர்கிட்டேருந்து மறுபடி வரும். அப்படியே உட்டா கருக்குழாய் அடைச்சிக்கும். ரெண்டு பேரும் சாப்ட்டா குணமாயிடும்மா. மாத்திர முடியிற வரைக்கும் சேராதீங்க."

"அவருக்கு எப்ப வந்திருக்கும்?"

"அத சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடியும் இருக்கலாம்."

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடு அது. ஷேர் ஆட்டோவில் தோளோடு தோள் இடிபட்டு வந்தாள். கேட்கச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் அவள் சொன்னபோது கணவன் உதயகுமார் தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு இன்னா கேடு? நான் இன்னாத்துக்கு வரணும்?"

தறியில் கோர்வைப் புடவை ஏறியிருந்தது. புடவையின் உடலுக்கு அவன் ஊடுநூல் சுற்றிய நாடாவை ஓட்டுவான். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு அவள் ஓட்டுவாள். இரண்டும் கோத்தால்தான் புடவை. மறுநாள் காலை அவள் தறியில் உட்காரவில்லை.

"வாம்மா, பாதியில நிக்குது."

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. அப்புறம் கரை போடறேன்."

"மங்கையர்க்கரசிய கூப்டுக்கிறேன். பக்கத்து வூடுதானே."

"கூப்டுங்க. நான் ஏன் உக்காரலன்னு கேப்பா. சொல்லிடறேன்."

அவன் சட்டையை மாட்டினான்.

மருத்துவமனை பெஞ்சில் யாரோ போல மறுகோடியில் உட்கார்ந்தான். சுகாசினி கூப்பிட்டதும் உள்ளே போனான். வெளியே வந்து, அவள் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து மாத்திரையை விழுங்கினான். எங்கே, எப்போது தொற்றியது என்று அவள் கேட்கவில்லை. அவனாகச் சொல்வான் என்று வீடு வரும்வரை காத்திருந்தாள்.

சாயங்காலம் தறி ஓடியது. கரை நன்றாகவே கோத்தது. சேராதீர்கள் என்று சுகாசினி சொன்னது கட்டிலுக்குத்தான். தறிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் தோள் படாதபடி இளவரசி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.