எனக்கு நானே கொடுத்த சான்றிதழ்

மகளின் கல்யாணப் பத்திரிகையை இணையத்தில் போட ஆள் வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். தொலைபேசிக் கம்பம் ஏறியே ஓய்வுபெற்றவனுக்கு அது மானப் பிரச்சினை. ஈப்போ வீட்டில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கினேன். சொந்தமாக ஒரு டொமைனும், அதாவது இணைய முகவரியும், வாங்கினேன். இணையப் பக்கத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமாம். தேடிப் பார்த்தால், அதை நானே தயாரித்து நானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாமாம். என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்குமா?

முதல் தடவை திறந்தபோது பிரவுசர் ஏதோ எச்சரித்தது. பரவாயில்லை, நம்புகிறேன் என்று அழுத்தினேன். அதன் பிறகு அது என்னிடம் வாயே திறக்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் திறக்கும் என்று நினைத்து, பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்த சம்பந்தி வீட்டுக்கு முதலில் அதன் முகவரியை அனுப்பினேன்.

சம்பந்தி யாழ்ப்பாண வழி. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். நாங்கள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனம். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டோம். அது என்னால் குறைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். அன்று மாலையே அவர் கூப்பிட்டார்.

"உங்கட பக்கத்தைத் திறந்தா, ஆரோ எங்கட விவரங்களைக் களவெடுக்கப் பாக்கினம் எண்டு சிவப்பாய்க் காட்டுது. என்ன செய்ய?"

"லைன் பிரச்சனையா இருக்கும் சம்பந்தி" என்றேன். தொழில் புத்தி எங்கே போகும்?

மகள் அழாத குறை. "அவங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்கப்பா. கல்யாணத்துக்கு முன்னாலயே நமக்குத் திருட்டுப் பட்டம். நான் போய் வாழப்போற வீடு லா அது!"

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. என் வீம்புக்கு அவள் அங்கே தலைகுனிய வேண்டுமா? தேடிப் பார்த்தேன்; நானே போட்ட கையெழுத்தை மற்றவர்களின் பிரவுசர் நம்பாதாம். "சான்றிதழ்ல நான்தான கையெழுத்துப் போட்டிருக்கேன், நம்புனா என்னவாம்?" என்று மனைவியிடம் புலம்பினேன்.

"எங்கப்பா உங்கள நம்பியா பொண்ணு குடுத்தாரு? கடைக்காரர நம்பிக் குடுத்தாரு லா" என்றாள்.

மறுக்க முடியாது. எண்பதுகளில் மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையிடமே யாரும் கேட்க மாட்டார்கள். தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி வந்த மாமனார், தோட்டத்துச் சந்தியில் இருந்த மளிகைக் கடையில் விசாரித்துவிட்டு, எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார். கடைக்காரர் "நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் நீளம்" என்றாராம். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இணையத்திலும் அப்படி இலவசமாகச் சாட்சி சொல்லும் அமைப்பு இருக்கிறது. டொமைன் நம் கைவசம்தானா என்று அது வெளியிலிருந்து வந்து, நம் கம்ப்யூட்டரில் வைத்த ஒரு சின்னக் கோப்பைப் படித்துப் பார்க்கும். விண்ணப்பித்தேன், தோல்வி. மறுபடியும் தோல்வி. அந்த அமைப்பின் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், திருடன் வந்துவிடுவான் என்று, அது வரவேண்டிய எண்பதாம் போர்ட் என்ற வாசலை ரவுட்டரில் அடைத்து வைத்த புண்ணியவான் நானேதான். விசாரிக்க வந்தவரை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டுவிட்டு, நல்ல பேர் கொடு என்று கத்தியிருக்கிறேன். திறந்துவிட்டதும் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

மனைவியோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு பத்து காஜாவுக்குப் போனேன். சம்பந்தி போனில் பக்கத்தைத் திறந்து, "இப்ப நல்லாக் கிடக்கு" என்றார். எனக்கு அது போதவில்லை.

"எங்களப் பத்தி முன்னாடி எங்கயாவது விசாரிச்சீங்களா?" என்று கேட்டே விட்டேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஓம், விசாரிச்சனாங்கள். உங்கட மகளிட்டத்தான்" என்று சிரித்தார். "அப்பா எப்பிடி எண்டு கேட்டம். எல்லாத்தையும் தானே செய்வன் எண்டு நிப்பார், பாதியில பிழையாப் போகும், ஆனா ஒருத்தரையும் ஏமாத்த மாட்டார் எண்டு சொன்னவ. அந்தச் சிவப்பைக் கண்டதும், பிள்ளை சொன்னது சரிதான் எண்டு நினைச்சன்."

அவள் பெயரை நான் கெடுத்துவிட்டேனே என்று பதறிக்கொண்டிருந்தேன். அவளோ எனக்கு எப்போதோ சாட்சி சொல்லி முடித்திருக்கிறாள். சம்பந்தியின் போனை வாங்கி, பத்திரிகையில் இருந்த அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறிவிடும் என்று சம்பந்தி இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது.