அறுப்பு இருமல்

வீரையன் செத்த பிறகும் இரண்டு வருஷம் எங்கள் லேபில் இருமிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டால் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான், பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அந்த இருமல் வந்தது கலைமகளின் செல்போனிலிருந்து. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து போட்டுக் கேட்பாள். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவாள்.

நேரில் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் என்னைவிட ஒன்பது வயது சின்னவள், அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். நன்னிலம் பக்கம் நாலு மா நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். அரசுப் பள்ளிக்கூடம், தஞ்சாவூர் காலேஜ், பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு, அப்புறம் ஜெர்மனியில் ஒன்பது வருஷம். படித்தது உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் பற்றி. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர். இந்த வித்தியாசம் எங்கள் ஜனங்களுக்கு விளங்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கூட முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள்.

அவள் வேலையை எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன். நம் உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் ஒரு களவாணி. அந்தப் பிரேக்கை மிதித்தபடியே வளரும். அந்தக் காலைத் தட்டிவிடுகிற ஆன்டிபாடி ஒன்றை ஜெர்மனியில் ஒரு கூட்டமாக உட்கார்ந்து உருவாக்கினார்கள். எலி உடம்பில் உண்டானதை மனுஷ உடம்பு ஏற்றுக்கொள்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவே ஆறு வருஷம் ஆனதாம். அந்தக் கூட்டத்தில் கலைமகளும் ஒருத்தி. அந்த மருந்தை இந்தியாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க நாலு பெரிய ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவள் சண்டை போட்டுத் தஞ்சாவூரையும் சேர்த்தாள். "வாய்ப் புற்றுநோய் வர்றது எங்க ஊருக்கு, மருந்து மட்டும் உங்க ஊருக்கா?" என்று கூட்டத்திலேயே கேட்டாளாம். நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதிப்பது அவள் பொறுப்பு. நோயாளிகளைக் கவனிப்பது என் பொறுப்பு.

வீரையன் எங்களுடைய ஏழாவது நோயாளி. கலைமகளின் ஊருக்குப் பக்கத்து ஊர். முப்பது வருஷம் புகையிலை போட்ட வாய். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு அது புளியங்கொட்டையாகச் சுருங்கியது. மனுஷனுக்குக் குஷி தாங்கவில்லை. "தங்கமணி, ஒரே ஒரு வெத்தல போட்டுக்கவா?" என்று என்னைச் சீண்டுவார். "போடுங்க, அடுத்த ஊசியை நாக்குலயே குத்துறேன்" என்பேன். கலைமகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த மூன்று மாசம்தான்.

நாலாவது ஊசியும் ஆயிற்று. இரண்டாயிரத்து இருபத்து மூன்று, தை பிறந்து நாலாம் நாள். லேபில் நானும் அவளும் ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். போன் வந்தது. இரண்டு கையிலும் உறை, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா கலை, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கண்ணே. வயல்லயா நிக்கிறீங்க?"

"ஆமா, மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு நாளா ஒரே இருமல்மா. வரப்புல நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. பூவுகிட்ட சொல்லலை, பயந்துக்கும். தஞ்சாவூருக்கு வந்துட்டுப் போவட்டுமா?"

பின்னால் அறுப்பு மிஷினின் இரைச்சல். கலைமகள் சிரித்தாள்.

"மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு இருமாம எப்படிண்ணே இருக்கும்? அது அறுப்பு இருமல். எங்கப்பாவுக்கும் வருஷா வருஷம் இதேதான். துண்டை மூக்கோட கட்டுங்க, நொச்சியைப் போட்டு ஆவி பிடிங்க. அறுப்பை முடிச்சுட்டு நிதானமா வாங்க."

"அதானே, நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார். அப்புறம் ஒரு நீளமான இருமல். "புது அரிசியோட வர்றேம்மா."

எங்கள் பக்கத்தில் தையிலும் மாசியிலும் இருமாத வீடு கிடையாது. நெல் தூசி, வைக்கோல் சுணை. யாரும் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மிஷின் வருகிற நாளில் வயலில் ஆள் நிற்காவிட்டால் மிஷின்காரன் அடுத்த வயலுக்குப் போய்விடுவான், அந்தக் கவலைதான் பெரிசு. வேறு ஊர்க்காரி யாராவது அந்தப் போனை எடுத்திருந்தால் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்திருப்பாள். 'இருமல், மூச்சு வாங்கினால் அன்றைக்கே வரச் சொல்லவும்.' பிரேக் போன வெள்ளை அணு சில சமயம் சொந்த நுரையீரலையே தாக்கும், அதற்காக அந்த விதி. எழுதி ஒட்டியதே கலைமகள்தான். எங்களுக்கு அன்றைக்கு மிஷின் சத்தம்தான் காதில் விழுந்தது. நானும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

போன் வந்த ஆறாம் நாள் வீரையன் இறந்தார். மூச்சு முட்டிய பிறகுதான் பக்கத்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கிருமி என்று நினைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் படம் எங்களிடம் வந்தது. இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. கலைமகள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தூசி இல்லக்கா. நம்ம மருந்து" என்றாள். "அன்னைக்கே வரச்சொல்லி ஸ்டீராய்டு கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாரு."

மருந்தால்தான் சாவு என்று அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினாள். ஆனால் பெரிய டாக்டர், "நோயாளி முன்னாடியே யாருக்காவது தகவல் சொன்னாரா?" என்று கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். 'தகவல் வரவில்லை' என்று காகிதத்தில் ஏறியது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. "வீட்டுக்காரங்ககிட்ட மருந்து விஷயத்தை நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, உங்க ஊர்க்காரங்கதானே" என்றார் டாக்டர்.

கருமாதி அன்றைக்குப் போனோம். வீரையனின் மனைவி பூவம்மாள் சுவரோரம் சாய்ந்திருந்தாள். கலைமகளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் கொன்னுட்டேன் கலை. அவரு படுத்திருக்கேன்னாரு. மிஷின் போயிடும், எந்திரிச்சுப் போய் வரப்புல நில்லுங்கன்னு நான்தான் வெரட்டினேன். தூசி உள்ள போயி நெஞ்சை அடைச்சிருச்சு. அந்த வயல் அரிசி இனிமே என் தொண்டையில எறங்காது."

சொல்லுடி, இப்போது சொல்லு என்று என் மனசு கத்தியது. கலைமகள் சொல்லவில்லை. கிளம்ப எழுந்தபோது பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடாம போவக் கூடாது" என்று எங்களை இழுத்து உட்காரவைத்தாள். எந்தத் துக்கத்திலும் எங்கள் பக்கம் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கலைமகள் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள். நானும் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் அந்த இருமல். அவள் போனில் பேசுவதெல்லாம் தானாகவே பதிவாகும். தை வந்தால் தஞ்சாவூர் ரோட்டில் அறுப்பு மிஷினை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். அந்தச் சத்தத்துக்கே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். வீரையனின் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் எங்கள் உறைகலத்தில் இருந்தன. காரணமே இல்லாமல் மூடியைத் திறந்து, பனிப்புகைக்குள் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு மூடுவாள். "அந்த டப்பாவை அழிச்சுத் தொலைங்களேன்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அவருதான் போயிட்டாரு, அவருகிட்டயிருந்து கத்துக்க வேண்டியதாவது இருக்கட்டும்க்கா" என்றாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்தத் தையில் ஹமீதா பானு என்ற அம்மாள் போன் பண்ணினாள். கணவர் எங்கள் நோயாளி, திருவாரூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். "இருமலா இருக்கு டாக்டரம்மா, மண்டித் தூசிதான். கஷாயம் குடுக்கவா?" அவள் முடிப்பதற்குள் கலைமகள் கத்திவிட்டாள். "கஷாயமும் வேணாம், ஒண்ணும் வேணாம்! இப்பவே வண்டியில ஏத்துங்க!" அன்றைக்கே ஸ்டீராய்டு கொடுத்தார்கள், மனுஷன் பிழைத்துக்கொண்டார். ஹமீதா பானு அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். கலைமகள் கையை உருவிக்கொண்டு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில், "வீரையண்ணன் போன் பண்ணின விஷயத்தை ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுதிட்டேன்க்கா. நன்னிலம் போறேன், வர்றீங்களா?" என்றாள்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? ஆராய்ச்சியையே பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். பூவு அண்ணி அந்த வயல் அரிசியைத் தொடாம இன்னும் ரேஷன் அரிசி தின்னுக்கிட்டு இருக்காங்க."

போனோம். கலைமகள் தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். பூவம்மாள் நம்பவில்லை. அப்போது கலைமகள் போனில் அந்தப் பதிவைப் போட்டாள். மிஷின் இரைச்சல், வீரையனின் குரல், 'பூவுகிட்ட சொல்லலை, பயந்துக்கும்.' பூவம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அந்த நீள இருமல் முடிகிறவரை அசையவில்லை.

"அப்ப நான் அவரைச் சாகடிக்கலையா?"

"இல்ல அண்ணி."

"நீ தெரியாம சொன்னதுக்கு உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். அன்னைக்கு ஊரே இருமுச்சு. கருமாதி அன்னைக்கு இங்கதானே உக்காந்து சாப்பிட்டே. அன்னைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன்.

பூவம்மாள் எழுந்து போய், குத்தகைக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த மூட்டையைப் பிரித்தாள். அந்த வயல் புது அரிசி. களைந்து உலையில் போட்டாள். அது வேகிறவரை நாங்கள் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். வடித்த சோற்றைத் தட்டில் போட்டு, மோரை ஊற்றிக்கொண்டு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தாள். முதல் கவளம் இறங்கச் சிரமப்பட்டது. அப்புறம் இறங்கியது. நிதானமாகத் தட்டைக் காலி பண்ணினாள், அங்கேயே கையைக் கழுவினாள். எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை.