மாமா ஓடிய ஆட்டம்

என் மாமா, அம்மாவின் தம்பி, வல்வெட்டித்துறையில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நீண்ட காலம் கோல் காத்தவர். பள்ளிக்கூடத்தில் கோலுக்குள் நிற்க ஒருவரும் முன்வராத ஒரு நாளில் வாத்தியார் பிடித்து நிறுத்தினாராம். நின்றவர் தலை நரைக்கும் வரைக்கும் வெளியே வரவில்லை. இடது கைச் சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கும். ஏனென்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்டத்தின் கதை வரும். அந்த வேலையைப் பற்றி அவரிடம் ஒரு பேச்சு இருந்தது: "கோல் அடிச்சவனைத் தோளிலை தூக்குவினம். விட்டவனை ஊரே ஏசும். பிடிச்சவனை ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டினம்."

அவரைக் கண்டுகொள்ள ஒரு ஆளைத் தேடித்தான் அம்மா அலைந்துகொண்டிருந்தார். மாமாவின் சாதகத்தில் செவ்வாய் இருந்த இடம் சரியில்லை. வந்த சம்பந்தமெல்லாம் சாத்திரியார் வீட்டு வாசலோடு திரும்பிப்போயின. கடைசியில் ஒன்று பொருந்தியது. பெண்ணின் ஊரும் கடற்கரைதான். இப்படிப் பார்ப்பதெல்லாம் வழக்கமாகக் கோயிலில், தற்செயலாகக் கண்டதுபோல நடக்கும். பெண்ணின் தாய்க்கு அதில் நம்பிக்கையில்லை. கோயிலில் எல்லா ஆம்பிளையும் நல்லவன்தான், ஆள் தன் பாட்டில் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அடுத்த ஆட்டத்துக்கே வரச் சொல்லிவிட்டார் அம்மா.

நான் அப்போது தரம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோலுக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தின் கீழே பெண்ணின் தாயும், மாமாவுக்குப் பார்த்த, குடையோடு வந்திருந்த அந்த அக்காவும், அம்மாவும் நானும் இருந்தோம். நன்றாகத் தெரியட்டும் என்று மாமாவின் முதுகுக்கு நேரே அம்மா இடம் பிடித்திருந்தார். வந்தவர்கள் யாரென்று மாமாவுக்குத் தெரியாது. நானும் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே உத்தரவு.

அன்று பார்த்து எங்கள் அணி பிரமாதமாக ஆடித் தொலைத்தது. பந்து எதிரணியின் கோல் வாசலை விட்டு வரவேயில்லை. மாமா கம்பத்தில் சாய்ந்தார். தண்ணீர் குடித்தார். கையுறையைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

பெண்ணின் தாய் வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "எல்லாரும் ஓடித் திரியினம். உவர் ஏன் உதிலை நிக்கிறார்?"

"அவர் கீப்பர். நிக்கிறதுதான் அவரின்ரை வேலை."

"மற்றவை கரைவலை இழுக்க ஒராள் கைகட்டி நிண்டால் எங்கடை ஊரிலை மீனிலை பங்கு குடுக்க மாட்டினம்."

அம்மாவுக்கு வியர்த்தது. எதிரணிக்குப் பந்து கிடைக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்ட ஒரே வல்வெட்டித்துறைக்காரி அன்று அவராகத்தான் இருந்திருப்பார். பிள்ளையார் மசியவில்லை. அம்மா என் காதுக்குள் குனிந்து ஒன்று சொன்னார். நான் கோல் கம்பத்தடிக்கு ஓடினேன்.

"மாமா, சும்மா நிக்க வேண்டாமாம். ஓடட்டாம்."

"ஆர் சொன்னது?"

"அம்மா."

தாயில்லாத தன்னை வளர்த்த என் அம்மா சொல்லி, மாமா ஒன்றையும் தட்டியதில்லை. அடுத்த பந்து அவரிடம் உருண்டு வந்ததும் காலால் தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். நடு மைதானத்தையும் தாண்டினார். எங்கள் ஆட்களே திகைத்துப்போய் வழிவிட்டார்கள். எதிரணிப் பெடியன் ஒருவன் பந்தைப் பறித்து அங்கிருந்தே தூக்கி அடித்தான். அது அவசரமில்லாமல் ஆறுதலாகப் பறந்து வந்து, காவலில்லாத கோலுக்குள், எங்கள் கண் முன்னால் விழுந்தது.

ஊர் ஏசத் தொடங்கியது. "உவனை ஆரடா கயிறு அவிட்டு விட்டது?" என்றது ஒரு குரல். அம்மா தலையில் கைவைத்தார். பெண்ணின் தாயோ முதன்முறையாகத் திருப்தியோடு தலையாட்டினார். "ஓம், இப்பதான் ஆள் வேலை செய்யிறார்."

மாமா திரும்பி வந்து, வலைக்குள் கிடந்த பந்தைத் தானே குனிந்து எடுத்தார். அம்மாவைப் பார்த்துப் பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தார். அம்மா சொன்னதால்தான் என்று யாரிடமும் ஒரு சாட்டும் சொல்லவில்லை. குடைக்கார அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிய அணிகள் பக்கம் மாறின. மாமா எதிர்ப்பக்கக் கோலுக்கு நடந்தார். அங்கே ஒரு மரமும் இல்லை. அக்கா எழுந்து, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக் குடையை எடுத்தார்.

"எங்கை பிள்ளை போறாய்?" என்றார் தாய்.

"இதிலை வெக்கையாக் கிடக்கு அம்மா. அங்காலை போய் இருக்கிறன்."

"அங்காலைதான் வெயில் அக்கா. இதிலை நல்ல நிழல்" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய முகத்தில் எதற்கோ ஒரு சிரிப்பு. அக்கா மைதானத்தின் ஓரமாகக் கொளுத்தும் வெயிலில் நடந்துபோய், மாமா நின்ற கோலுக்குப் பின்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தார். இவ்வளவு வளர்ந்தும் நிழல் எது, வெயில் எது என்று தெரியாத பெண்ணை மாமா கட்டி என்ன செய்வார்? வீட்டுக்குப் போனதும் இந்தச் சம்பந்தம் சரிவராது என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் முடிவுசெய்துகொண்டேன்.