பூங்காவனம் மிதித்த மண்

நாகாத்தம்மன் கோயில் புற்றைச் சுற்றிப் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கிவந்தவள் பூங்காவனம். ஆடி பிறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வேலை. செவ்வாயும் வெள்ளியும் புற்றுக்கண்ணில் குடம் குடமாகப் பால், அதன்மேல் முட்டை. மறுநாள் அத்தனையும் புளித்து நாறும்.

"இந்த நாத்தத்துல கரையானே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. பாம்பு இருக்குமா?" என்று உரக்கவே கேட்பாள்.

பூசாரி தணிகாசலம் காதில் விழாததுபோல மணியடிப்பார். அவள் புற்றைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் கறார். மூன்று முழம் தள்ளி நின்றுதான் பெருக்கவேண்டும்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, பாலில் ஊறிப்போன புற்று பொலபொலவென்று சரிந்தது. உள்ளே பாம்புமில்லை, சட்டையுமில்லை. முட்டை ஓடுகளும் ஒரு பெருச்சாளிக் குடும்பமும்தான். விடிந்தால் வெள்ளி. தணிகாசலத்துக்கு முகம் வெளிறிப்போனது.

"பூங்காவனம், நீதாம்மா காப்பாத்தணும். உனக்கு மண்வேலை தெரியுமில்ல?"

"ஏன் பூசாரி, இன்னிக்கு மட்டும் என் கை சுத்தமாயிடுச்சா?"

கேட்டாளே தவிர, அவருடைய வெளிறிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஏரிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்துக் குழைத்து, பொழுது சாய்வதற்குள் மார்பளவுக்குப் புற்றொன்றை எழுப்பிவிட்டாள். கண்களையும் விரலால் குடைந்தாள். அவர் மஞ்சளைப் பூசிச் சிவப்புத் துணியைச் சுற்றினார்.

காலையில் வந்த கூட்டம் வாயைப் பிளந்தது. "ஒரே ராத்திரியில ஒரு முழம் வளந்துட்டாடி ஆத்தா!"

பூங்காவனமும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏய், தள்ளு தள்ளு! புத்துமேல பட்டுடப்போற!" என்றார் தணிகாசலம்.

அவளுக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தை ஓங்கித் தரையில் அடித்தாள். "யாரைய்யா தள்ளச் சொல்ற? நேத்து நான் மிதிச்ச மண்ணுய்யா இது! நான் செஞ்ச புத்துய்யா!"

"ஆத்தா வந்துட்டா! ஆத்தாவே பேசுறா!" என்று செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பெண் அலறிக்கொண்டு அவள் காலில் விழுந்தாள். பின்னாலேயே பத்துப் பேர். யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். வேறு வழியில்லாமல் தணிகாசலமும் விழுந்தார்.

"தாயே, என் மவளுக்கு எப்பக் கல்யாணம்?"

"அறிவிருக்காடி உனக்கு? எழுந்திரு!"

"திட்டுறா, திட்டுறா! நல்ல வாக்கு!"

வேப்பிலையை வீசியெறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தவள், பிறகு அந்த வேலைக்குப் போகவேயில்லை. பெருக்க வேண்டாம், வெள்ளிதோறும் புற்றருகே வந்து உட்கார்ந்தால் போதும் என்று தணிகாசலம் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்.

"அவரையே உக்காரச் சொல்லு" என்று கதவைச் சாத்தினாள்.